எண்ணும் முகவரியும்

நுழையும்முன்

ஊர், தெரு, கதவெண் ஆகியவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கடிதம் உரியவரிடம் சேராது. கணினிகளுக்கிடையே செல்லும் செய்திக்கும் இது பொருந்தும். கணினிக்குரிய முகவரியை அமைக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அரியூருக்கு அண்மையிலுள்ள வில்லியனூர் அதன் மையமாக விளங்கியது. இணையத்தில் பெற்ற செய்திகள் அங்கிருந்து சிற்றூர் நிலையங்களை அடைந்தன. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர் செவிகளை எட்டியது. கடலுக்குச் செல்வோரின் உயிர்க்காப்புக்கு உதவும் செய்தி அது. கடல் கடந்த கணினியிலிருந்து வில்லியனூர்க் கணினியை அது வழிதவறாமல் அடைந்தது எவ்வாறு?

இணையத்தில் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியும் அனுப்பும் முகவரியையும் பெறும் முகவரியையும் தாங்கிச் செல்லும். இதுவே இணைய நெறிமுறை முகவரி, சுருக்கமாக, ஐ.பி. முகவரி. இது கணினிக்கு உரியதன்று. கணினியை வலையமைப்போடு இணைக்கும் இடைமுகத்திற்கு உரியது. ஆகவே, ஒரே கணினியின் கம்பி இணைப்புக்கும் வைஃபை இணைப்புக்கும் தனித்தனி முகவரிகள் அமையும். பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பில், 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களால் முகவரியை எழுதுவர்.

அரியூரில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள ரவுட்டரின் முகவரி 192.168.1.1 எனக் கொள்வோம். முதற் கணினிக்கு 192.168.1.11 எனவும் அடுத்ததற்கு 192.168.1.12 எனவும் முகவரி தரலாம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என அமைத்தால், முதல் மூன்று எண்கள் தெருவையும் இறுதி எண் கதவெண்ணையும் போன்றவை. அவ்வலையமைப்பில் இறுதி எண்ணாக 0, 255 ஆகியவற்றைக் கணினிக்குத் தருதல் கூடாது. வெளியுலகிற்குச் செல்லும் வாயிலாக, அதாவது கேட்வேயாக, ரவுட்டரின் முகவரியைக் குறிக்க வேண்டும். இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வழங்கியின் முகவரியையும் சேர்க்க வேண்டும்.

இரு கணினிகள் ஒரே முகவரியைப் பெற்றால் முரண் தோன்றி இணைப்புத் தடுமாறும். கேட்வே பிழையானால் ஆய்வகத்திற்குள் செய்தி செல்லும், வெளியே செல்லாது. டி.என்.எஸ். முகவரி பிழையானால் இணைப்பு இருந்தும் இணையதளம் திறவாது. பிழை எங்குள்ளது என்பதை அறிய, ‘பிங்’ என்னும் கட்டளையால் முதலில் ரவுட்டரையும் பின்னர் வெளி முகவரி ஒன்றையும் அழைத்துப் பார்க்கலாம்.

இன்று டி.எச்.சி.பி. என்னும் முறை முகவரிகளைத் தானே வழங்குகிறது. எனினும், அது பழுதுறும் நாளில் எண்களின் பொருளை அறிந்தவரே இணைப்பை மீட்க இயலும். அலை எழுமுன் எச்சரிக்கை கரை சேர வேண்டுமெனில், முகவரி பிழையின்றி இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு கணினியின் முகவரி 192.168.2.15, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. இக்கணினி இணையத்தை அடையாமைக்குக் காரணம் கூறுக.

2. உம் பள்ளிக் கணினி ஒன்றின் ஐ.பி. முகவரியை ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து, அதன் வலையமைப்புப் பகுதியையும் இடைமுகப் பகுதியையும் பிரித்து எழுதுக.