பிரிந்த கிளைகளைச் சேர்ப்பது எப்படி?

ஆய்வுக்கு நிரல் எழுதும் நம் நண்பர்கள் பலரிடம் ஓர் அச்சத்தைக் காண்கிறேன். 'உம் கிளையும் தொலைக் கிளையும் பிரிந்துள்ளன' என்று 'கிட்' கருவி அறிவித்ததும், சிலர் கோப்புறையையே அழித்துவிட்டுப் புதிதாக இறக்குகின்றனர். வேறு சிலர் 'புஷ்' கட்டளையுடன் 'ஃபோர்ஸ்' சேர்த்துத் தம் பிரதியை வலிந்து ஏற்றுகின்றனர். முன்னவர் தம் உழைப்பை இழக்கிறார். பின்னவர் பிறர் உழைப்பை மறைக்கிறார்.

பிரிவு என்பது என்ன? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இக்கருவியில், ஒவ்வொரு 'கமிட்'டும் தனக்கு முந்தியதைச் சுட்டி நிற்கும். நான் விடுதியில் 2 கமிட் செய்கிறேன்; அதற்குள் ஆய்வகத் தோழர் 3 கமிட் செய்து பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறார். மூதாதை ஒன்று, வழி இரண்டு. அவ்வளவே! இது பிழையன்று, கூட்டுழைப்பின் இயல்பு.

முதலில், கையிலுள்ள மாற்றங்களைக் கமிட் செய்து, 'கிட் பிராஞ்ச் காப்பு' என்று அந்நிலைக்கு ஒரு பெயர் இடுக. அடுத்து 'கிட் ஃபெட்ச்'. அது தோழரின் வேலையைக் கொண்டுவரும். நம் கோப்புகளைத் தொடாது. பின்னர் 'கிட் லாக்' கட்டளையுடன் 'கிராஃப்', 'ஆல்' என்பவற்றைச் சேர்த்து, இரு வழிகளையும் கண்ணால் காண்க.

இனிச் சேர்க்கும் முறை இரண்டு. 'மெர்ஜ்' இரு வழிகளையும் புதிய கமிட் ஒன்றால் முடிச்சிடும். பழைய வரலாறு அப்படியே நிற்கும். 'ரீபேஸ்' நம் 2 கமிட்டுகளையும் தோழருடைய 3-இன் மேல் மீண்டும் எழுதும். அவற்றின் அடையாள எண்கள் மாறிவிடும். ஆகவே பிறர் எடுத்துக்கொண்ட கமிட்டையோ, ஆய்வேட்டின் வரைபடத்தோடு எண் குறித்துவைத்த கமிட்டையோ ரீபேஸ் செய்தல் ஆகாது. ஐயம் இருப்பின் மெர்ஜே நன்று. 2021-இல் வந்த 2.33.1 பதிப்பு முதல், நாம் வழி குறிப்பிடாதவரை 'கிட் புல்' பிரிவைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அந்தத் தடை நம் நன்மைக்கே.

ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால் கருவி சுட்டிக்காட்டும். தோழரைக் கேட்டு முடிவு செய்யலாம். அதனினும் கொடியது கருவி காணாத முரண். நான் வெப்பநிலை கெல்வினில் உள்ளதெனக் கொண்டு ஒரு கோப்பில் சூத்திரம் எழுதுகிறேன். தோழர் வேறொரு கோப்பில் அதனைச் செல்சியஸாக்குகிறார். சேர்ப்பு தடையின்றி முடியும். ஆனால் 300 நிற்க வேண்டிய இடத்தில் 27 நிற்கும். முடிவு முழுதும் பொய்யாகும்.

கிட் அறிவது வரிகளை. பொருளை அறிய வேண்டியவர் நாமே. எனவே சேர்த்த பின், விடை தெரிந்த ஒரு கணக்கை ஓட்டிப் பாருங்கள். விடை சரியாக வந்த பிறகே 'புஷ்' செய்யுங்கள்.