பறந்து திரிந்த ஊர்வன

ஊர்வன என்றவுடன் பாம்பும் பல்லியும் ஆமையும் முதலையுமே நம் மனத்தில் தோன்றும். இவ்வகுப்பைச் சார்ந்த பிராணிகள் முன்னொரு காலத்தில் வானில் உலாவின. ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அறவே அழிந்த இவற்றை டெரோசார் என்பர். கிரேக்க மொழியில் சிறகுப் பல்லி என்பது அதன் பொருள்.

இவற்றை எவ்வகுப்பிற் சேர்ப்பது என்பது அறிஞரை நெடுநாள் மயக்கிற்று. ஜெர்மனியிற் கிடைத்த எலும்புக்கூடொன்றை 1784-ல் விவரித்த கொல்லினி, அது கடல்வாழ் பிராணியாகலாம் எனக் கருதினார். பிரான்சு நாட்டுக் கூவியே, அது பறக்கும் ஊர்வனவே என 1801-ல் துணிந்தார். சோமரிங் என்பாரோ 1812-ல் அதனைப் பாலூட்டி என்று சாதித்தார். கூவியேயின் கொள்கையே நிலைத்தது. 1834-ல் கௌப் என்பார் இவ்வரிசைக்கு டெரோசாரியா எனப் பெயரிட்டார்.

மயக்கத்திற்குக் காரணம் சிறகே. வௌவாலின் சிறகை விரல்கள் பல தாங்கும். பறவையின் சிறகு இறகுகளால் ஆயது. டெரோசாரிலோ நான்காம் விரல் ஒன்றே மிக நீண்டு தோற்படலத்தைத் தாங்கிற்று. ஏனை மூன்றும் நகமுடைய சிறுவிரல்களாய் நின்றன. தொழிலொற்றுமை வேறு, குலவொற்றுமை வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது.

பழைய நூல்கள் இவற்றை நெடுவாலின, குறுவாலின என இரண்டாக வகுத்தன. குறுவாலின ஒரே மூதாதையின் வழிவந்தவை. நெடுவாலினவோ முற்பட்ட பல கிளைகளின் திரள். ஆதலின் அப்பகுப்பு இன்று கைவிடப்பட்டது. டெரோசார்களை டைனோசார் என்று கூறுவாரும் உளர், அது பிழை. அவை டைனோசார்களுக்கு நெருங்கிய உறவின, அவ்வளவே.

இந்தியாவிற் கிடைத்ததாக, கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டாப் பாறைகளிலிருந்து எஸ். எல். ஜெயின் 1974-ல் ஒரு தாடைத் துண்டினை வெளியிட்டு, காம்பிலோநாதாய்டிஸ் இண்டிகஸ் எனப் பெயர் வழங்கினார். அது மீனின் தாடையாகலாம் எனப் பின்வந்தோர் ஐயுற்றனர். துண்டைக் கொண்டு இனம் வகுத்தலின் இடர்ப்பாடு இது.

நிற்க. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் இவற்றைத் தேடலாமோ எனின், கல்லின் வயதை முதற்கண் நோக்கல் வேண்டும். திண்டிவனத்துக் குன்றுகளின் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு முதிர்ந்தது. எலும்புடைய உயிர் அன்று உலகில் யாண்டும் இல்லை. திருவக்கரைக் கல்மரங்களோ ஏறக்குறைய 2 கோடி ஆண்டின. அம்மரங்கள் தழைத்த ஞான்று டெரோசார் அழிந்து 4 கோடி ஆண்டுகட்கு மேலாயின. ஒன்று மிக முந்தியது, மற்றொன்று மிகப் பிந்தியது. இரண்டிற்கும் இடைப்பட்டு, வழுதாவூர்ப் பாறையே ஏற்ற காலத்தது. கேயும் கன்லிப்பும் அப்பக்கத்துத் திரட்டிய கடற்சிப்பிகளை எட்வர்டு போர்பிஸ் 1846-ல் ஆராய்ந்தெழுதினார்.

கடற்படிவில் பறப்பன எங்ஙனம் கிடைக்கும் எனலாம். அமெரிக்காவின் கான்சாசில் மார்ஷ் என்பார் டெரனடானின் சிறகெலும்பை 1870-ல் கண்டெடுத்தது கடலடிச் சுண்ணத்திலேயே. கடல்மேற் பறந்தவை கடலில் வீழ்ந்தன. எனினும் அவ்வெலும்புகள் உள்ளே காற்று நிரம்பி, தாளை ஒத்த மெல்லிய சுவருடையன, எளிதில் நொறுங்குவன. வழுதாவூரிற் சிப்பி பொறுக்குவார், நசுங்கிய குழல் போன்ற சிறு துண்டொன்றைக் காணின் உடைகல்லென்று எறிந்துவிடாது ஆசிரியரிடம் காட்டுக.