மலைக்காட்டை எடைபோடும் கலை

யானையை எடைபோட்ட கதையைக் கேளாதார் நம்மில் இலர். யானையைப் படகில் ஏற்றி, நீர்மட்டம் தொட்ட இடத்தில் கோடிட்டனர். பின்னர் யானையை இறக்கிவிட்டு, அக்கோடு வரை படகு அமிழுமாறு கற்களை நிரப்பி, அக்கற்களை நிறுத்துக் கூட்டினர். நிறுக்க இயலாத ஒன்றை நிறுக்க இயன்றவற்றால் அறிவதே அக்கதையின் நுட்பம். இன்று ஒரு மலைக்காட்டையே எடைபோட முற்பட்டிருக்கும் தொலையுணர்வு அறிவியலும் இந்நெறியையே மேற்கொள்கின்றது. நம் கண்முன் நிற்கும் கல்வராயன் மலையைக் கொண்டே அதனை ஈண்டு ஆராய்வோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலையில், தாழ்ந்த சரிவுகளில் இலையுதிர் காடுகளும், உயர்ந்த பகுதிகளில் ஓரளவு பசுமைமாறாக் காடுகளும் உள்ளன. நிலத்திற்கு மேலுள்ள அடிமரம், கிளை, இலை ஆகியவற்றின் உலர் எடையே உயிர்த்திரள் எனப்படும். அதில் ஏறத்தாழப் பாதி கரியாகும். ஆகவே காட்டின் எடையை அறிவது, அது காற்றிலிருந்து ஈர்த்துச் சேமித்த கரியின் அளவை அறிவதாகும்.

முதற்பணி நிலத்தில் தொடங்குகின்றது. மரத்தை வெட்டாமல், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவால் அதன் சுற்றளவை அளப்பர். சுற்றளவு, உயரம், மர இனத்தின் அடர்த்தி ஆகியவற்றை வாய்பாட்டில் இட்டு எடையைக் கணிப்பர். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மலையின் மரங்களை இனம் பிரித்து எண்ணி, 1999-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். எனினும் மலை முழுவதையும் நாடாவால் அளத்தல் இயலுமோ?

இங்கேதான் ரேடார் துணைக்கு வருகின்றது. ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்குப் பகலொளியும் மேகமற்ற வானும் வேண்டும். ரேடாரோ தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை சிதறித் திரும்புவதை அளக்கின்றது. மழைக்கால மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. 2012-இல் இந்தியா ஏவிய ரிசாட்-1 பயன்படுத்திய சுமார் 5.6 செ.மீ. அலை, பெரிதும் இலைகளிலும் சிறு கிளைகளிலுமே பட்டுத் திரும்பும். சுமார் 24 செ.மீ. அலையோ தழையை ஊடுருவிப் பெருங்கிளையையும் அடிமரத்தையும் எட்டும். இந்த நீண்ட அலையையும், சுமார் 9 செ.மீ. அலையையும் ஒருங்கே தாங்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்ததே இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார். அவ்வாண்டு ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் அலைநீளம் சுமார் 70 செ.மீ. ஆகும்.

ஆயினும் ரேடார் எடையைச் சொல்வதில்லை. திரும்பிய அலையின் வலிமையை மட்டுமே சொல்கின்றது. அது படகில் இட்ட கோடு போன்றது. நாடாவால் அளந்த மரங்களே கற்கள். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே கோடு எடையாகும்.

அக்கோடும் சில வேளைகளில் பிழைபடும். 24 செ.மீ. அலை, எக்டேருக்குச் சுமார் 100 டன்னை அண்டியதும் தெவிட்டிவிடுகின்றது. அதற்கு மேல் காடு எவ்வளவு செழித்தாலும் வேறுபாடு புலப்படுவது அரிது. மழையில் நனைந்த காடு கூடுதல் வலிமையுடன் அலையைத் திருப்பும். ரேடாரை நோக்கிய மலைச்சரிவும் மிகுதியாக ஒளிர்ந்து, மெலிந்த காட்டை அடர்காடெனக் காட்டும். எனவே கோடைக்காலப் பதிவுகளைத் தேர்ந்து, உயர வரைபடத்தால் சரிவுப் பிழையையும் நீக்குதல் வேண்டும்.

இது வெறும் கணக்குப் பிழையன்று. எதிர்ச்சரிவு மிகையாக ஒளிர்ந்தால், அங்கு வெட்டப்பட்ட மரங்கள் கணக்கில் மறையும். மறுசரிவு மங்கினால், அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் காட்டை அழித்தனர் என்னும் வீண்பழி நேரலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்கியுள்ளது. அச்சபை தன் காட்டின் எடையைத் தன் மொழியில் படித்து, 'எந்த மரங்களை அளந்தீர்கள்?' என்று வினவ வேண்டாவா?

மாணவச் செல்வங்களே! பின்சிதறல், தெவிட்டுநிலை, உயிர்த்திரள் போன்ற சொற்களை மக்கள் நாவில் பழகச் செய்வது தமிழ் பயில்வோரின் கடமை. மலையேறி, அங்குள்ள முதியோரிடம் மரங்களின் பெயர்களைக் கேட்டு, நாடா பிடிப்பதும் நம் கடமையே. செயற்கைக்கோள் கோட்டினை இடட்டும். கற்களை நேர்மையுடன் நிறுப்போர் நாமாக இருப்போம்.