பையனின் அம்மாவுக்கு நேரம் உண்டு, உங்கள் வீட்டுக்கு வாசல் உண்டு

கேள்வி: எனக்கு 36 வயது. முதல் கணவர் விபத்தில் இறந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் மறுமணம் செய்துகொண்டேன். இப்போதைய கணவர் விவாகரத்தானவர். அவருடைய 10 வயதுப் பையன், என் 7 வயது மகள், மாமியார், நாங்கள் இருவர் என ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். பையனின் அம்மாவும் இதே ஊரில்தான் இருக்கிறார். ஞாயிறு காலை முதல் மாலை வரை அவர் பையனை அழைத்துப் போகலாம் என்பது கோர்ட் உத்தரவு. ஆனால் அவர் நினைத்த நாளில் வருகிறார். பழைய சாவி இன்னும் அவரிடம் இருப்பதால் காலிங்பெல் அடிப்பதுகூட இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மாமியாரிடம் பேசிக்கொண்டே பாத்திரங்களைத் திறந்து பார்க்கிறார். போன வாரம் எங்கள் படுக்கையறை பீரோவைத் திறந்து பையனின் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் கணவருக்கு போன் வருகிறது. கேட்டால், "பையனுக்காகப் பொறுத்துக்கோ" என்கிறார். "அவளும் இந்த வீட்டுல வாழ்ந்தவதானே" என்கிறார் மாமியார். வாயைத் திறந்தால் 'சித்திக் கொடுமை' என்ற பேர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் படுக்கையறை பீரோவை இன்னொருவர் திறப்பது உங்களுக்கு வலிப்பதில் எந்தத் தவறும் இல்லை. இதைச் சொல்வதால் நீங்கள் கொடுமைக்காரச் சித்தி ஆகிவிட மாட்டீர்கள். பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் உள்ள உறவு ஒன்று. அந்த அம்மா உங்கள் வீட்டுக்குள் வந்து போகும் விதம் வேறொன்று. உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதை ஒழுங்கு செய்ய முடியும்.

அதைச் செய்யவேண்டியவர் உங்கள் கணவர். அந்தப் பெண்ணோடு பிள்ளை வளர்ப்பைப் பகிர்ந்துகொள்வது அவர்தான். நீங்கள் போய்ச் சொன்னால் அது இரண்டு பெண்களின் சண்டையாகத்தான் பார்க்கப்படும். யார் பக்கம் நிற்பது என்று அந்தப் பத்து வயதுப் பிள்ளை தவிக்கும். ஆகவே முதலில் கணவரிடம் பேசுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, கோபம் இல்லாத ஒரு நாளில், "அவங்க பையனைப் பார்க்கறதை நான் தடுக்கலைங்க. ஆனா சொல்லாம உள்ள வந்து பீரோவைத் திறக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு. இதை நீங்கதான் அவங்ககிட்டச் சொல்லணும்" என்று ஆரம்பியுங்கள். முன்னாள் மனைவியின் குணம், பழைய கதை எதையும் அதில் இழுக்காதீர்கள்.

அடுத்து, இருவரும் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்யுங்கள். சாவியைத் திரும்ப வாங்க வேண்டும்; தர மறுத்தால் பூட்டை மாற்றிவிடலாம். ஞாயிறன்று பையன் பையோடு தயாராக இருக்க, கூட்டிப் போவதும் கொண்டுவந்து விடுவதும் வாசலில் நடக்கட்டும். உள்ளே வர நேர்ந்தால் ஹாலோடு சரி. பையனின் துணிமணிக்குத் தனி அலமாரி ஒதுக்கிவிட்டால் யாரும் உங்கள் பீரோவைத் தேடி வர வேண்டியதில்லை. வேறு நாளில் பார்க்க நினைத்தால் முந்தின நாளே கணவருக்கு மெசேஜ் போடவேண்டும். தினமும் மாலை ஏழரை மணிபோல ஒரு நேரம் குறித்து, பையன் அம்மாவோடு வீடியோ காலில் பேசட்டும். அப்போது யாரும் அருகில் நின்று ஒட்டுக்கேட்க வேண்டாம். பெரியவர்களுக்குள் பேசவேண்டிய ஸ்கூல் ஃபீஸ், மருந்து, பரீட்சை எல்லாம் மெசேஜில் போகட்டும். காய்ச்சல், விபத்து என்றால் எந்த நேரத்திலும் போன் வரலாம். அதற்கு விதி கிடையாது.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லும்போது கணவர் முதலில் சொல்லவேண்டியது: "பையன் உன்கூட இருக்கற நேரம் கொஞ்சமும் குறையாது." அவருடைய பயம் அநேகமாக அங்கேதான் இருக்கும். சாவி போனால் பிள்ளையும் போய்விடுவான் என்று நினைக்கும் தாய் சாவியை இறுகப் பிடித்துக்கொள்வது இயல்பு. பிள்ளை போகமாட்டான் என்ற உறுதி கிடைத்தால் மற்றதைப் பேசுவது எளிது.

அதே அளவு கண்டிப்பு உங்களுக்கும் வேண்டும். ஞாயிறு சந்திப்பு கோர்ட் உத்தரவு என்பதால், கோபத்தில் ஒரு வாரத்தைக்கூட நிறுத்தக்கூடாது. நேரத்தை மாற்றவேண்டுமென்றால் இந்து திருமணச் சட்டம் 1955-ன் 26-வது பிரிவின் கீழ் கணவர் கோர்ட்டில்தான் கேட்கவேண்டும். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-ன் 6-வது பிரிவு, 'தாய்' என்பதில் மாற்றாந்தாய் அடங்கமாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே ஸ்கூல் மாற்றுவது, ஆபரேஷன் போன்ற பெரிய முடிவுகளைப் பெற்றவர்கள் எடுக்கட்டும். பையனைக் கண்டிப்பதைக் கூடியவரை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். சாப்பாட்டு நேரம், டிவி நேரம் போன்ற வீட்டு ஒழுங்குகள் உங்கள் மகளுக்கும் அவனுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பையன் திரும்பி வந்ததும் "அங்க என்ன சொன்னாங்க?" என்று துருவாதீர்கள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேளுங்கள், போதும். அவன் அம்மாவைப் பற்றி அவன் காதுபட யாரும் குறை பேசக்கூடாது. மாமியாருக்கும் இது பொருந்தும்.

மாமியாரின் பழைய பாசத்தை வெட்டச் சொல்லாதீர்கள். அவர் அந்தப் பெண்ணிடம் போனில் பேசலாம், கோயிலில் சந்திக்கலாம். ஆனால் வீட்டுக்குள் அழைப்பதென்றால் உங்கள் இருவரிடமும் கேட்டுவிட்டு அழைக்கவேண்டும். இதையும் அம்மாவிடம் மகன்தான் சொல்லவேண்டும்.

முதல் சில வாரங்கள் முணுமுணுப்பும் மனத்தாங்கலும் வரலாம். அதற்காக ஒரு நாள் தளர்த்தி ஒரு நாள் இறுக்கினால் பேசியது வீணாகிவிடும். எவ்வளவு சொல்லியும் பையனின் அம்மா அத்துமீறினால், தேதியோடு குறித்து வையுங்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. சமரசப் பேச்சுக்கும் வழி கேட்கலாம்.

இந்த வாரமே கணவரிடம் பேசிவிடுங்கள். சாவியில் தொடங்குங்கள். அடுத்து, கோடை விடுமுறையில் பையன் எந்த நாட்களில் எங்கே இருப்பான் என்று பெற்றவர்கள் இருவரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். தான் எப்போது யாரோடு இருப்போம் என்று தெரிந்துவிட்டாலே அந்தப் பிள்ளையின் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.