குப்பை அமுக்கும் மெஷின் வாங்கலாமா?

அமெரிக்காவில் சில வீடுகளில் சமையலறையிலேயே 'டிராஷ் காம்பாக்டர்' இருக்கும். மோட்டார் ஒரு இரும்புத் தட்டை இறக்கி, குப்பையை அமுக்கும். நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமா?

முதல்ல பிசிக்ஸ். அமுக்கினா குறைவது கன அளவு மட்டும்தான். எடை அப்படியே இருக்கும். அட்டைப்பெட்டி, பாட்டில் சுருங்கக் காரணம் உள்ளே இருக்கும் காற்று. நம்ம குப்பையில் பெரும்பகுதி காய்கறித் தோல், மீந்த சோறு. அதிலிருப்பது தண்ணீர். அமுக்கினா சுருங்காது, ஒழுகும்; நாறும்.

இன்னொண்ணு: ஈரக் குப்பை, உலர் குப்பையைப் பிரிச்சுத் தரணும்னு 2016-லேயே விதி வந்தாச்சு. நீங்க உடைஞ்ச கண்ணாடியோட கலந்து அமுக்கினதை, தூய்மைப் பணியாளர் கையால பிரிக்கணும்.

அதனால வாங்கும் முன் உங்க குப்பைப் பையைப் பாருங்க. காற்றா? காலால மிதிச்சாலே போதும். தண்ணீரா? ஓட்டை போட்ட தொட்டியில் உரமாக்குங்க. ரெண்டுக்கும் மெஷின் வேண்டாம்.