காருக்கு முன்வலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவேங்கடம் கரிசல் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு முன்பக்கம் வலை கட்டும் ஆசை வருவதில் வியப்பில்லை. அறுப்புக் காலத்தில் உளுந்துச் செடியும் கொள்ளுச் செடியும் சாலையிலேயே காயும். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்றுதான் பரப்பியிருப்பார்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர் முன்னால் போகும். மழை பெய்த இரவில் ஈசல் மொய்க்கும். கிரில்லில் அகன்ற இடைவெளி உள்ள கார்களில் இவை நேரே ஏசி கண்டென்சரில் போய் மோதும். அதற்குப் பின்னால் ரேடியேட்டர். கண்டென்சரின் அலுமினியக் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். ஆகவே வலை வீண் வேலை அல்ல. அதைப் பற்றிய பேச்சில்தான் கோளாறு.

நம்பிக்கை 1: "கண்ணு எவ்வளவு பொடிசோ, அவ்வளவு பாதுகாப்பு."

உண்மை: ஜன்னல் கொசு வலையை வெட்டிக் கட்டுவது இந்த எண்ணத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணின் அகலத்தை, கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் காற்றுக்குத் திறந்திருக்கும் பங்கு கிடைக்கும். 1.2 மி.மீ. கண்ணும் 0.3 மி.மீ. கம்பியும் உள்ள கொசு வலையில் அது 64 சதவீதம். 1 மி.மீ. கம்பியில் செய்த அரை இஞ்ச் வெல்டு மெஷ்ஷில் சுமார் 85 சதவீதம். கொசு வலையின் நஷ்டம் இதோடு நிற்பதில்லை. பொடிக் கண்ணில் பூச்சி அடைக்கும். ஈரத்தில் கரிசல் புழுதி சாந்து பூசியதுபோல் அப்பிக்கொள்ளும். 64 என்பது புது வலையின் கணக்கு. ஓட ஓட அது குறைந்துகொண்டே போகும்.

நம்பிக்கை 2: "ஃபேன் இருக்குல்லா, அது காத்தை இழுத்துக்கிடும்."

உண்மை: பெரும்பாலான கார்களில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. அது இழுக்கும் காற்றும் இதே வலை வழியாகத்தான் வர வேண்டும். நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். குறை வெளியே தெரியாது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில், முழு ஆளும் ஏசியும் வைத்து மெதுவாக ஏறும்போதுதான் தெரியும். முதல் அறிகுறி, வண்டி நின்றால் ஏசி குளிர் குறைவது. அடுத்தது, வெப்பமானி முள் வழக்கத்தைவிட மேலே போவது.

நம்பிக்கை 3: "வலை போட்டா கல்லே படாது."

உண்மை: கண்ணைவிடச் சிறிய கல் உள்ளே போகத்தான் செய்யும். வலை தடுப்பது பெரிய ஜல்லி, செடித் தட்டை, பிளாஸ்டிக் பை, அடிபடும் பறவை ஆகியவற்றை. டிப்பருக்குப் பின்னால் தள்ளிப் போவது எந்த வலையைவிடவும் நல்ல காவல், கண்ணாடியும் தப்பும்.

நம்பிக்கை 4: "எலி ஏறாது."

உண்மை: எலி கிரில் வழியாகத்தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டயர் வழியாகவும் அடிப்பக்கத் திறப்புகள் வழியாகவும் இன்ஜினுக்குள் ஏறும். முன்வலை அந்த வழிகளை அடைப்பதில்லை.

நம்பிக்கை 5: "கண்டென்சரோட சேர்த்து கேபிள் டை போட்டா போதும்."

உண்மை: செய்யவே கூடாதது இது. வண்டி அதிர்வில் வலை உரசி உரசி அலுமினியத் தகடுகளைத் தின்னும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு வேகமாகும். வலையைப் பம்பர் கிரில்லின் உட்புறத்தில், கண்டென்சரைத் தொடாமல் ஒரு விரற்கடையாவது இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். சாதாரண வெள்ளை நைலான் டை வெயிலில் நொறுங்கிவிடும். வெயில் தாங்கும் கறுப்பு டை போடுங்கள்.

நம்பிக்கை 6: "வலைக்கு முன்னால இரும்புக் குழாய் வச்சா இன்னும் பலம்."

உண்மை: அது வலையின் கணக்கில் வராது. இத்தகைய காவல் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சொல்லி, நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடமுண்டு. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி அமைத்த முன்பகுதியை, சேஸிஸில் பூட்டிய குழாய் அப்படிச் செயல்பட விடாது. ஏர்பேக் விரியும் நேரமும் தவறலாம். நடந்து போகிறவர் மீது பட்டால் காயமும் கடுமையாகும்.

புதுக் கார்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள பல கார்களில் கிரில்லிலோ பம்பரிலோ ரேடார் இருக்கும். அதன் முன்னால் உலோக வலை வந்தால் அலை தடைபடும். அந்த இடத்தில் வலையே வேண்டாம்.

வலை கட்ட நினைப்பவர்கள் அரை இஞ்ச்சுக்குக் குறையாத கண்ணாக, கழற்றி மாட்டும்படி கட்டுங்கள். மாதம் ஒருமுறை கழற்றி, வேகமில்லாத தண்ணீரில் கழுவுங்கள். கட்டியபின் முதல் வாரம் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட மேலே ஏறினால் அன்றைக்கே வலையைக் கழற்றிவிடுங்கள்.