ஓரெழுத்துத் திருத்தம்

நுழையும்முன்

ஓலையில் எழுதிய காலத்திலும் அச்சுக் கோத்த காலத்திலும் பிழைகள் நேர்ந்தன. அவற்றைக் களையும் பணியும் உடன் நடந்தது. இன்று அப்பணி கணினித் திரைக்கு வந்துள்ளது. உலகெங்கும் உள்ளோர் கூடி உருவாக்கும் மென்பொருள்களின் விளக்க ஆவணங்களில் காணப்படும் எழுத்துப்பிழைகளைத் திருத்த, நிரல் எழுதும் திறன் வேண்டியதில்லை. கூர்ந்து படிக்கும் கண்ணும், சரிபார்த்த பின்னரே கைவைக்கும் பொறுமையும் போதும். அப்பணியின் இயல்பையும் அதற்குரிய அறத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிழை யாருடையது?

சென்னை கே.கே. நகரில் வசிக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டுக் கணினியில் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நிறுவ முயல்வதாகக் கொள்ளலாம். விளக்க ஆவணத்தில் கூறியவாறே ஒவ்வொரு கட்டளையாக உள்ளிடுகிறாள். ஐந்தாம் படியில், 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று கணினி மறுமொழி தருகிறது. தவறு தன்னுடையது என்றெண்ணி முதலிலிருந்து தொடங்குகிறாள். அதே மறுமொழிதான் வருகிறது. ஒரு மணி நேரம் கடந்த பின்னரே உண்மை புலப்படுகிறது. ஆவணத்தில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. பிழை அவளுடையதன்று, ஆவணத்தினுடையது.

இப்போது அவள்முன் இரு வழிகள் உள்ளன. சரியான பெயரை உள்ளிட்டுத் தன் வேலையைத் தொடரலாம். அல்லது, அடுத்து வருபவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வீணாகாதபடி ஆவணத்தையே திருத்தலாம். இரண்டாம் வழி எவருக்கும் திறந்திருப்பதே கட்டற்ற மென்பொருளின் சிறப்பு.

யாவர்க்கும் திறந்த ஏடு

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளிவருவது கட்டற்ற மென்பொருள். 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இவ்வகை மென்பொருள் உலகெங்கும் பரவ வழிவகுத்தன. நிரலைப் போலவே அதன் விளக்க ஆவணங்களும் பெரும்பாலும் யாவர்க்கும் திறந்தவை.

ஆவணங்களை எழுதுவோரில் பலர் நிரலை எழுதியவர்களே. அவர்கள் வல்லுநர்கள், ஆயினும் தம் எழுத்தில் உள்ள பிழையை அவர்களால் எளிதில் காண இயலுவதில்லை. எழுதியவரின் கண் திரையில் உள்ளதைப் படிப்பதில்லை. மனத்தில் உள்ளதையே படிக்கிறது. விடுபட்ட எழுத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. புதிதாகக் கற்பவருக்கோ நிரப்பிக்கொள்ள முன்னறிவு இல்லை. அவர் ஒவ்வோர் எழுத்தையும் நம்பிப் படிக்கிறார். ஆகவே பிழையில் முதலில் இடறுபவரும் அவரே. கற்கத் தொடங்குபவரின் அறியாமை, இவ்விடத்தில் குறையன்று, பயன்தரும் தகுதி.

ஓர் இடைவெளியின் விலை

எழுத்துப்பிழை சிறியது, அதன் விளைவு எப்போதும் சிறியதாக இருப்பதில்லை. இரண்டு வரைகலைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகளை லினக்ஸில் இயக்க உதவிய 'பம்பிள்பீ' என்னும் மென்பொருளின் நிறுவுநிரலில், 2011ஆம் ஆண்டு ஒரு பிழை கண்டறியப்பட்டது. நீக்கப்படவேண்டிய ஓர் உட்கோப்புறையின் முகவரிக்கு நடுவே தேவையற்ற ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கணினி அதனை இரண்டு முகவரிகளாகக் கொண்டது. முதல் பகுதி, இயங்குதளத்தின் மென்பொருள்கள் பலவும் தங்கியிருக்கும் முதன்மைக் கோப்புறையைக் குறித்தது. அதனால் ஓர் உட்கோப்புறைக்கு மாறாக முதன்மைக் கோப்புறையே அழிக்கப்பட்டது. திருத்தமோ, ஓர் இடைவெளியை நீக்கியது மட்டுமே. அப்பிழை நிரலில் இருந்தது. ஆனால், ஆவணத்தில் உள்ள கட்டளைகளையும் படிப்போர் அப்படியே படியெடுத்துத் தம் கணினியில் இடுகின்றனர். ஆவணத்தில் விழும் இடைவெளிக்கும் அதே ஆற்றல் உண்டு.

காலத்தே திருத்தப்படாத பிழை நிலைத்துவிடுவதும் உண்டு. இணையப் பயனர் எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பதைத் தெரிவிக்கும் தலைப்புக் குறிப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லில் 'ஆர்' என்னும் எழுத்து நான்கு முறை வரவேண்டும். 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் அது மூன்று முறையே வந்தது. அதற்குள் பல மென்பொருள்கள் பிழையான வடிவத்தையே பின்பற்றி எழுதப்பட்டிருந்தன. திருத்தினால் அவை ஒன்றையொன்று புரிந்துகொள்ளா. எனவே அப்பிழை இன்றளவும் அவ்வாறே வழங்குகிறது. தொடக்கத்தில் ஒருவர் ஓரெழுத்தைச் சேர்த்திருந்தால் போதும்; பின்னர் உலகமே முயன்றாலும் மாற்றுதல் அரிதாயிற்று.

கண்டது முதல் சேர்ந்தது வரை

கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் நிரலும் ஆவணமும் 'கிட்' என்னும் மாற்றப் பதிவுக் கருவியால் காக்கப்படுகின்றன. இதனை 2005ஆம் ஆண்டு உருவாக்கியவரும் லினஸ் டோர்வால்ட்ஸே. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்னும் வரலாறு முழுவதும் இதில் பதிவாகும். பிழை கண்டவர் முதலில் ஆவணத்தின் அண்மைப் படியைப் பார்க்கவேண்டும். வேறொருவர் முன்னரே அதைத் திருத்தியிருக்கலாம். பிழை நீடிப்பின், களஞ்சியத்தைத் தம் கணக்கில் படியெடுத்து, உரிய இடத்தை மட்டும் மாற்றவேண்டும். மாற்றத்தின் காரணத்தை ஓரிரு வரிகளில் எழுதி, மூலக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு வேண்டுகோள் அனுப்பவேண்டும். பராமரிப்பாளர் அதனைப் படித்து ஏற்பார், ஐயம் இருப்பின் வினவுவார், பொருந்தாவிடில் மறுப்பார். ஏற்கப்பட்டபின் அவ்வெழுத்தோடு திருத்தியவரின் பெயரும் வரலாற்றில் நிலைபெறும்.

தமிழுக்குரிய பிழைகள்

தமிழில் அமையும் மின்னூல்களிலும் ஆவணங்களிலும் கண்ணை ஏமாற்றும் பிழைகள் சில உண்டு. 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கு மாறாக, 'ஒ', 'ள' என்னும் இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்துவிடுவர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. சரியான வடிவத்தைக் கொண்டு தேடுபவருக்கு அச்சொல் கிடைக்காமல் போகலாம். அவ்வாறே, 'ர' என்னும் எழுத்தும் கால்குறியும் உருவில் ஒத்திருப்பதால், அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்துவிடும்.

இத்தகைய பிழைகளைக் களையும் பணியில் தன்னார்வலர் பலர் ஈடுபட்டுள்ளனர். 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து அளித்த இலக்கியங்களை இணையத்தில் வழங்கி வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு நிறத்திலும், ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள் நிறத்திலும், மற்றொருவரும் சரிபார்த்தது பச்சை நிறத்திலும் குறிக்கப்படுகின்றன. ஒருவர் கண்ணில் தப்பியது மற்றவர் கண்ணில் படும் என்பதே இம்முறையின் அடிப்படை. கணிநுட்பங்களை எளிய தமிழில் விளக்கும் கணியம் மின்னிதழ், தன் கட்டுரைகளைப் பிறர் பகிரவும் பயன்படுத்தவும் உரிமை அளித்து வெளியிடுகிறது. ஆங்கில ஆவணங்களைப் படிக்க இடர்ப்படும் மாணவர்க்குத் தமிழ் விளக்கமே முதல் வாயில். அவ்வாயிலில் பிழை இருப்பின் அவர் திரும்பிச் செல்லவும் கூடும்.

தெரிந்து தெளிவோம்

கணினி அறிவியல் அறிஞர் டொனால்டு நூத், 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்னும் நூலின் முதல் தொகுதியை 1968இல் வெளியிட்டார். தம் நூல்களில் உள்ள பிழையை முதலில் கண்டறிந்து தெரிவிப்பவருக்கு 2.56 டாலர் பரிசு என அவர் அறிவித்தார். அது 256 சென்ட். பதினாறைப் பதினாறால் பெருக்கி வரும் எண். அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் பணமாக்காமல் பெருமைக்குரிய சான்றாகப் பாதுகாத்து வருகின்றனர்.

திருத்துவோரின் அறம்

பிழையெனத் தோன்றுவன எல்லாம் பிழையல்ல. ஒரே ஆங்கிலச் சொல்லைப் பிரித்தானியர் ஒருவாறும் அமெரிக்கர் வேறுவாறும் எழுதுவர். நிரலில் வழங்கும் ஒரு பெயர், வழக்கமான எழுத்துக்கூட்டலிலிருந்து வேண்டுமென்றே வேறுபட்டிருக்கலாம். 'ரெஃபரர்' போன்ற சொல்லை ஆவணத்தில் மட்டும் திருத்தினால், அதைப் பின்பற்றி எழுதப்படும் நிரல் இயங்காது. எனவே, ஐயம் தீரும்வரை கைவைத்தல் கூடாது.

இப்பண்பு தமிழுலகிற்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர்தோறும் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளையும் குறித்துக் காட்டினார். தமக்குச் சரியெனப் பட்டதைச் சான்றின்றி மூலத்தில் ஏற்றுவதற்கு அவர் இசையவில்லை. அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் உள்ளது. மாற்றியது எது, மாற்றியதன் காரணம் எது எனப் பதிவு செய்யும் இன்றைய கருவியும் அதே நேர்மையையே வேண்டி நிற்கிறது.

எண்ணிக்கைக்காகத் திருத்துவது மற்றொரு தீங்கு. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்போரை ஊக்குவிக்க ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நடைபெறுகிறது. 2020இல், குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேண்டுகோள் அனுப்புவோர்க்குப் பனியன் பரிசாக அறிவிக்கப்பட்டது. பரிசை விரும்பிய பலர், ஆவணங்களில் தேவையற்ற சொற்களைச் சேர்த்து வேண்டுகோள்களை அனுப்பிக் குவித்தனர். ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மறுப்பதிலேயே பொழுதை இழந்தனர். அதனால், விரும்பி இசைவு தெரிவித்த களஞ்சியங்கள் மட்டுமே பங்குபெறும் என அவ்வாண்டே விதி மாற்றப்பட்டது. திருத்தம் என்பது பிறர் நேரத்தைக் காப்பது. பிறர் நேரத்தைப் பறிக்கும் மாற்றம் திருத்தமாகாது.

கே.கே. நகர் மாணவி இழந்த ஒரு மணி நேரம் திரும்பி வராது. ஆனால், அவள் அண்மைப் படியைப் பார்த்து, பிழையை உறுதிசெய்து, விடுபட்ட ஓரெழுத்தைச் சேர்த்து அனுப்பினால், அவள் அறியாத ஏதோ ஓர் ஊரில் மற்றொரு மாணவர் ஐந்தாம் படியைத் தடையின்றிக் கடந்து செல்வார். அங்கே ஒரு பிழை இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. அதுவே அத்திருத்தத்தின் வெற்றி.

கற்பவை கற்றபின்

1. தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் ஒன்றைத் தெரிவுசெய்து, மூலப் படத்தோடு ஒப்பிட்டு, அதில் காணும் பிழைகளை வகைப்படுத்துக.

2. 'எழுதியவரைவிடப் புதிதாகப் படிப்பவரே பிழையை எளிதில் காண்கிறார்' – இக்கூற்றை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் கட்டுரை ஏட்டை நண்பரிடம் அளித்து மெய்ப்புப் பார்க்கச் செய்க. அவர் குறித்த ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றதற்கோ மறுத்ததற்கோ உரிய காரணத்தை ஒரு வரியில் எழுதுக.